இரண்டாவது பிரதி

தங்கச்சிக்கு மூன்று ஓலையும் வாசித்தாகிவிட்டது. தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பார், அதுதான் ஓலை. ஒருவரும் போய் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை கல்யாணம். மறுநாள் ஞாயிறு ஆகமனக் காலம் பிறக்கிறது. பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் தாண்டும்வரை மணியடித்து, மேளம் வைத்து, கோவிலில் கல்யாணம் கிடையாது.

மாப்பிள்ளைக்குச் சைகோனில் குமாஸ்தா உத்தியோகம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் லீவு. இந்த முறை ஆள் போதவில்லையென்று ஆறே வாரம் கொடுத்திருந்தார்கள். அதில் பாதி கடலிலேயே போய்விடும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் திரும்புகிற கப்பலை அவர் பிடித்தாக வேண்டும். ஆகவே எங்களுக்கு வாய்த்தது அந்த ஒரு சனிக்கிழமைதான்.

வியாழக்கிழமை காலையில் கப்பல் வந்தது. வந்தது என்றால், கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் கப்பல் கரையை ஒட்டி நிற்க இடமில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சலங்கு என்கிற பெரிய படகுகள் போய் ஆட்களை இறக்கிக்கொண்டு வரும். அன்றைக்கு அலை கடல்பாலத்தின் மேல்பலகையை நனைத்துக்கொண்டிருந்தது. படகு போகக்கூடாது என்று துறைமுக ஆபீசில் கொடி ஏற்றிவிட்டார்கள்.

அப்பா மில்லில் அரைநாள் சொல்லிவிட்டு வந்திருந்தார். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "டேய், நீ படிச்சவன். உள்ள போய் அவங்க பாஷையிலயே பேசு" என்றார்.

போய்ப் பேசினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, என் பிரெஞ்சு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். கடலை நான் ஆள்வதில்லையே தம்பி, என்று கதவைக் காட்டினார்.

வெளியே வந்தபோது குருசுக்குப்பத்துக் கட்டுமரக்காரர் ஒருவர் கட்டைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். சலங்கு போகாத கடலில் கட்டுமரம் போகும். தபால் பையை வாங்கிவர அவரை அனுப்புவது வழக்கம்.

"யாரு, மாப்பிள்ளையா கப்பல்ல?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ஆமாங்க. நாளன்னிக்குக் கல்யாணம்."

"நனையறதுக்குச் சம்மதம்னா கட்டைமேல குந்தவச்சு இட்டாந்துடுவேன். கப்பல் கப்பித்தான்தான் விடமாட்டான். ஆளு போயிட்டா யாரு பதில் சொல்றது? காயிதம் வேணும். எங்க பொறுப்புன்னு பெரியவர் ஒருத்தர் எழுதிக் குடுத்தா விடுவான். போன வருஷம் ஒரு பாதிரியாரை அப்படித்தான் கொண்டாந்தேன். வழியெல்லாம் செபம், கரைக்கு வந்ததும் வாந்தி."

அப்பா முதன்முறையாகச் சிரித்தார். என்னைப் பார்த்தார்.

பையில் காகிதமும் மைப்புட்டியும் வைத்திருந்தேன். பிரதி எடுக்கிற குமாஸ்தாவாக நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். ஒரு மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தாளை வைத்து எழுதினேன். மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை, பெண்ணின் தகப்பனாகிய நான் முழுப் பொறுப்பும் ஏற்கிறேன், தயவுசெய்து இவரை இறங்க அனுமதியுங்கள். பத்தே வரி. கீழே அப்பா கைநாட்டு வைக்க வேண்டும். பேனா மையைத் தடவிவிட்டு, வையுங்கள் என்றேன். மில் கை, பெருவிரல் கனம். அவர் பயந்துகொண்டு அழுத்தி வைத்தார். எடுக்கும்போது இழுத்துவிட்டார். கடைசி இரண்டு வரியும் கறுப்பாகிவிட்டன.

"கெட்டுப்போச்சா?" என்றார்.

கெட்டுப்போகவில்லை. படிக்க முடிந்தது. கட்டுமரக்காரர் கையை நீட்டினார். "குடு தம்பி, அலை ஏறுது."

எங்கள் ஆபீசில் மை சிந்தின தாள் மேசை ஏறாது. தலைமைக் குமாஸ்தா அதைப் படிக்கக்கூட மாட்டார். நான்காகக் கிழித்து என் கையிலேயே கொடுப்பார். எட்டு மாதத்தில் அது எனக்குள் ஊறிவிட்டது. அது மட்டுமென்று சொன்னால் பொய். ஒரு வெள்ளைக்காரக் கப்பித்தான் கையில், அப்பாவின் அந்த விரல் அப்படிப் போய்ச் சேருவது எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஒரு நிமிஷம், நல்லா எழுதிடறேன்" என்றேன்.

"எதுக்குப்பா? அவன் என்ன உனக்குப் பரீட்சையா வைக்கறான்?"

எழுதினேன். ஓரம் விட்டு, வணக்கத்துக்குரிய கப்பித்தான் அவர்களுக்கு என்று தொடங்கி, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முடிவுரை முழுவதும் எழுதினேன். காற்றில் தாள் பறந்தது. அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்த முறை அவர் விரலை நானே பிடித்து, பட்டும் படாமலும் ஒற்றி எடுத்தேன். அழகாக விழுந்தது. கட்டுமரக்காரர் அதை மடித்து, தபால் நனையாதபடி நெருக்கிப் பின்னின தன் ஓலைத்தொப்பிக்குள் செருகி, கட்டையைத் தள்ளினார்.

மூன்று அலைகளைத் தாண்டினார். நான்காவது அவரைக் கவிழ்த்தது. ஏறிக்கொண்டார். கப்பலுக்குக் கிட்டத்தில், ஒரு கயிறு வீசினால் எட்டுகிற தூரத்தில் அவர் தலை தெரிந்தபோது சங்கு ஊதியது.

"நிக்கச் சொல்லி ஊதறாங்களா?" என்று அப்பா கேட்டார்.

கப்பல் மெல்லத் திரும்பி எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டியது.

கட்டுமரக்காரர் திரும்பிவந்து, மூச்சு வாங்க மணலில் உட்கார்ந்தார். தொப்பியிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒரு எழுத்து கலையவில்லை.

"கொஞ்சம் முன்னாடி தள்ளியிருந்தா..." என்றவர், அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கப்பல் அடுத்த துறையான கொழும்புக்குப் போய்விட்டது. சனிக்கிழமை, கல்யாணப் பூசை நடந்திருக்க வேண்டிய நேரத்துக்குத் தந்தி வந்தது. கொழும்பில் இறக்கிவிட்டார்கள், வழி பார்க்கிறேன் என்று இருந்தது. மறுபடி செவ்வாயன்று ஒன்று. தலைமன்னாரில் புயலால் ஸ்டீமர் ஓடவில்லையாம். இந்தப் பக்கம் ரயில் பாதையில் வெள்ளம் ஏறியிருக்கிறதாம். நம் ஊர்க்காரர் இருபது பேர் ஸ்டேஷனில் மூட்டையோடு கிடக்கிறார்களாம். நான் கப்பல் ஏஜென்டிடம் போனேன். துறைமுகத்தைக் கேள் என்றார். துறைமுகத்துக்குப் போனேன், ஏஜென்டைக் கேள் என்றார்கள். இரண்டு இடத்திலும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். இரண்டும் சுத்தமான பிரதிகள்.

வீட்டில் கட்டின தோரணத்தை யார் அவிழ்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. அது காய்ந்து தொங்கியது. தங்கச்சி அதற்கடியில் குனிந்து போய் வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை ரயிலில் மாப்பிள்ளை வந்தார். முகம் முழுக்கத் தாடி. ஸ்டேஷனில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், ஒரு கட்டுமரம் வந்துச்சே, பார்த்தேன். எனக்காகத்தான்னு நெனச்சுப் பெட்டியைக்கூட விட்டுட்டுப் படியில நின்னேன். அதுக்குள்ள கிளப்பிட்டான். யாரு அனுப்புனது?" என்றார்.

"நாங்கதான்" என்றேன். மீதியைச் சொல்லவில்லை.

சாமியார் இரங்கினார். மணி இல்லாமல், பாட்டு இல்லாமல், விடியற்காலையில் பக்கத்துப் பீடத்தில் முடித்துவைக்கலாம், பிஷப் ஆண்டவரிடம் உத்தரவு கேட்கிறேன் என்றார். மாப்பிள்ளையின் தாயார் எழுந்துவிட்டார். "சத்தமில்லாம கட்டிவைக்கறது எந்தப் பொண்ணுக்குன்னு ஊருக்குத் தெரியாதா? எம்மருமவ அப்படி வர வேணாம். காத்திருக்கட்டும்." அப்பாவும் அதையேதான் நினைத்திருந்தார். அம்மா அழுதார். தங்கச்சியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை திரும்பிப் போன அன்று கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. சலங்கில் ஏறினார், கால்கூட நனையவில்லை. இனி மூன்று வருஷம்.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. மாதம் ஒரு கடிதம் அப்பா பெயரில் சைகோனுக்கு நான் எழுதுகிறேன். தங்கச்சி அடுப்பங்கரையிலிருந்து, அதைக் கேளுங்க, இதைக் கேளுங்க என்பாள். போன வாரம் எழுதி முடித்ததும், அவளுக்கு எழுத்து தெரியாது என்றாலும், காட்டுங்கண்ணா என்று வாங்கிப் பார்த்தாள். மிளகாய் அரைத்த கை. திருப்பிக் கொடுத்தபோது ஓரத்தில் சிவப்பாக விரல் பதிந்திருந்தது.

நான் வேறு தாள் எடுக்கப் போனேன்.

"எதுக்குண்ணா? தபால் பையைக் கட்டிடுவாங்க. இதையே போட்டுட்டு வாங்க" என்றாள்.

அவள் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன்.