கண்ணை மூடாத தபால்காரர்

சலூன்காரருக்கு ஐம்பது வயதில் புஜத்தின் மேல் ஆசை வந்தது. மைத்துனன் ஒரு நாள் அவர் கையைப் பிடித்துப் பார்த்து, "மாமா, இது கையா, சீப்பா?" என்று கேட்டுத் தொலைத்தான். மறுநாளே கடைக்கு எதிரிலிருந்த ஜிம்மில் சேர்ந்துவிட்டார்.

வலித்தால்தான் தசை ஏறும், ஒரு நாள் விட்டாலும் எல்லாம் கரைந்துவிடும் என்று அங்கே யாரோ ஓதிவிட்டார்கள். அவர் பிடித்தால் குரங்குப் பிடிதான். தினமும் விடிந்ததும் இரும்பைத் தூக்கினார். வீட்டுக்கு வந்து ஐஸ் வாளிக்குள் கையை விட்டுப் பல்லைக் கடித்தார். பிறகு அதே கையோடு கடையைத் திறந்து கத்தியைத் தீட்டினார்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சவரத்துக்கு வருவார். நுரை தடவியதும் கண்ணை மூடுவார். கத்தி தொண்டைக்கு வரும்போது குறட்டை விடுவார். வேறெங்கும் தனக்கு இப்படித் தூக்கம் வருவதில்லை என்பார். சலூன்காரருக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் கை நடுங்கியது. தாடைக்குக் கீழே சின்னக் கீறல். தபால்காரர் திடுக்கிட்டு விழித்தார். "பரவாயில்லப்பா," என்றார். ஆனால் அடுத்த முறை வந்தபோது கண்ணாடியில் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். சலூன்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மாலை மனைவியிடம் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் வேலை பார்ப்பவள். முதல் வாரமே சொல்லிப் பார்த்து அலுத்துப்போனவள்.

"தூக்கும்போதே தசை வளந்துடாதுங்க. அப்ப அது களைச்சு, லேசா சேதப்படுது. சாப்பிட்டுத் தூங்குறப்பதான் தேறி பலமாகுது. நீங்க அதுக்கு நேரமே குடுக்கல, அதான் கை நடுங்குது."

"அப்ப வலி?"

"பழகாத வேலைய செஞ்சா வலிக்கும். வலிக்கலைனா வளரலைனு அர்த்தமில்ல."

"ஐஸு?"

"வலி கொஞ்சம் மட்டுப்படும். தினமும் போட்டா தசை வளர்றதுக்கே அது குறுக்க நிக்கும்."

"ஒரு நாள் விட்டா கரைஞ்சிடாதா?"

"கரையுறதுக்கு மொதல்ல ஏதாச்சும் இருக்கணும்ல."

வாளி தரை துடைக்கப் போயிற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் கடை அடைத்த பிறகுதான் ஜிம் என்று வைத்துக்கொண்டார். கை சீக்கிரமே தேறிவிட்டது. தபால்காரர்தான் தேறவில்லை. வருவார், விழித்தபடியே முகத்தைக் கொடுப்பார், போவார்.

பல மாதம் கழித்து ஒரு காலை, கத்தி தொண்டைக்கு வந்தபோது மெல்லிய குறட்டை கேட்டது. சலூன்காரர் ஒரு கணம் நின்று, மூச்சு விட்டு, மீதியை மழித்து முடித்தார். முகத்தைத் துடைத்தும் தபால்காரர் எழவில்லை. அடுத்த சவரத்துக்குக் காத்திருந்த ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

"உக்காருங்க, அவரு தூங்கட்டும்," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, சலூன்காரரும் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கடை நேரத்தில் அவர் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.