சிரட்டையில் ஊற்றாத கூழ்

போன ஞாயிறு, விளாங்குடியில் நாங்கள் நடத்தும் இயற்கை உணவுச் சந்தைக்குப் புதிதாக உதவ வந்த பெண், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சிரட்டைக் கிண்ணத்தை எடுத்தாள். வழுவழுவென்று தேய்த்து எண்ணெய் பூசியது. "இம்புட்டு அழகா இருக்கு, ஏன் டீச்சர் சும்மா கெடக்கு?" என்றாள். எனக்குக் கூழ்க்கார அக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அக்கா அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறிக் கூழ்ப்பானையோடு வருவார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம். சந்தையில் அவருடைய கம்மங்கூழுக்குத்தான் கூட்டம். பிளாஸ்டிக் கூடாது, பேப்பர் கப்பும் கூடாது என்று பேசி, சிரட்டையைக் கொண்டுவந்தவள் நான். பசுமலையில் பாடம் நடத்திய வாய் சும்மா இருக்குமா? 'நம் பாரம்பரியப் பாத்திரம்' என்று பலகை வேறு எழுதி வைத்தேன்.

சிரட்டை வந்த முதல் நாள் அக்கா கரண்டியையே தொடவில்லை. வரிசை நீண்டுகொண்டிருந்தது. "ஊத்துங்கக்கா" என்றேன். தணிந்த குரலில்தான் சொன்னார்: "எங்கய்யா சாகுற வரைக்கும் டீக்கடையில இதுலதான் குடிச்சாரு, டீச்சர். எங்காளுகளுக்குத் தம்ளரு குடுக்க மாட்டாக. சிரட்டையக் கீழ வச்சுட்டுத் தள்ளி நிக்கணும், மேலேருந்து ஊத்துவாக. கம்மங்கூழு எங்க சாப்பாடுதான், சந்தோசமாத் தாரேன். இதுல என் கையால ஊத்த மாட்டேன்." பானையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீட்டில் சிரட்டை அடுப்பெரிக்கத்தான் ஆகும். எனக்கு யாரும் அதில் ஊற்றியதில்லை. அதனால்தான் அது அழகாகத் தெரிந்திருக்கிறது. பாரம்பரியம் பாரம்பரியம் என்று வாய் ஓயாமல் பேசினேனே, யாருக்கு அது எப்படி இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லையே. வெட்கமாக இருந்தது. அக்கா இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். எவர்சில்வர் தம்ளரில் டீ கொடுத்தார். "தப்பு என் மேலதான்க்கா. திரும்ப வாங்க" என்றேன். என் கையிலிருந்த தம்ளரைக் காட்டி, "வாரேன். இந்த மாதிரி தம்ளரு வாங்கி வைங்க. எல்லாருக்கும் ஒரே தம்ளரு. கழுவுறத நீங்க பாருங்க" என்றார். அடுத்த ஞாயிறு குழாயடியில் உட்கார்ந்தேன். "அடியையும் நல்லா வெளக்குங்க டீச்சர்" என்று சிரித்தார் அக்கா.

இப்போது அக்கா திருப்பூரில் மகளோடு இருக்கிறார். கூழ்க்கடை மருமகள் கையில். தம்ளர் கழுவுவது இன்றும் நான்தான்.

எல்லாவற்றையும் கேட்ட அந்தப் பெண், "அப்ப இதத் தூக்கிப் போட்றலாமே டீச்சர்?" என்றாள். "வேணாம், நான் மறந்துருவேன்" என்றேன். சிரட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் குழாயடிக்கு வந்தாள். பாதித் தம்ளர்களை அவள் பக்கம் தள்ளினேன்.