பதினான்காம் கடையின் சாவி

ஒரே இடத்தில் மூன்று கடைகள் அடுத்தடுத்து மூடப்பட்டால் நீங்கள் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? கடை போட்டவரையா, இடத்தையா? இல்லை, சாவி எடுத்துக் கொடுத்த பெண்ணின் கையையா? சிரிக்காதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு எதிரே அறுபது கடைகள் கொண்ட வணிக வளாகத்தை நடத்துகிற படித்த மனிதர்கள், கையைத்தான் குற்றம் சொன்னார்கள்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரரை வளாகத்தில் எல்லோரும் சாவிக்காரம்மா என்பார்கள். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலியான கடைகளைத் திறந்து காட்டுவது, வாடகை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது, கையெழுத்தானதும் சாவி கொடுப்பது என்று இருபது வருடம் ஓடிவிட்டது. அறுபது கடைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குக் குடியிருக்க ஓர் அறை கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. "தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு குடுக்கறதில்லைங்க" என்று வாசல் வாசலாகத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு தையல் கடையின் மாடியில் ஒண்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்வாள். மற்ற ஆறு நாளும் போன் அடித்தால் கடை விசாரணைதான்.

வளாகத்தின் மேலாளர் ஒரு விதி வைத்திருந்தார். இடம் பார்க்க வருகிறவரைக் காலை பதினொன்றரைக்குத்தான் வரச் சொல்ல வேண்டும். அதுவும் வகுப்பு நடக்கும் மாதங்களில் மட்டும். இடைவேளை நேரம் அது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். பார்த்தவருக்கு அங்கேயே கையெழுத்துப் போடக் கை பரபரக்கும். வருடத்தில் விடுமுறை நான்கு மாதம். அப்போது தரை துடைக்கிறவர் இருமினால் மாடி வரை கேட்கும். அந்த மாதங்களில் யாருக்கும் கடையைக் காட்டக் கூடாது.

பதினான்காம் எண் கடை பின்கோடியில் இருந்தது. முதலில் முடிதிருத்தும் நிலையம் வந்தது. அப்புறம் பழச்சாறு, அப்புறம் பரிசுப்பொருள். மூவரும் பதினொன்றரைக்கு வந்து மயங்கியவர்கள்; முதல் விடுமுறையிலேயே மூச்சுத் திணறியவர்கள். பழச்சாறுக்காரர் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, "அடுத்த தடவை வேற நல்ல கையா பாத்து வாங்கணும்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சாவிக்காரம்மா தன்னை மன்னிக்காததற்குக் காரணம் வேறு. நான்கு மாத வெறுமை அவருக்குத் தெரியும். கேட்காதவர்களிடம் அவர் சொல்லவில்லை. விடுமுறைப் பகல்களில் பூட்டிக் கிடந்த பதினான்காம் கடையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். முடிதிருத்தும் நிலையத்தின் நிலைக்கண்ணாடிகள் மாட்டியிருந்த இடம் சுவரில் மூன்று வெளிறிய சதுரங்களாக நிற்கும். ஒருநாள், "யாராவது இருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்டுப் பார்த்தார். அவருடைய குரலே திரும்பி வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினார்.

"இந்த வருஷமும் பதினாலு போகலேன்னா, நீங்க வீட்டுலயே இருந்துக்கலாம்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். எந்த வீட்டில்? யாரோடு?

அப்படியிருக்கும்போதுதான் ஒரு விடுமுறை நாளில் போன் வந்தது. பேசியவர் பதினைந்து வருடம் இன்னொருவரிடம் மூக்குக்கண்ணாடி செய்தவர். முதல்முறையாகச் சொந்தக் கடை போட நினைத்தார். "எப்ப வரட்டும்?" என்று கேட்டார்.

"இன்னைக்கே வாங்க" என்றார் சாவிக்காரம்மா.

வந்தவர் தாழ்வாரத்தைப் பார்த்துத் திகைத்தார். "என்னக்கா, ஒரு ஈ காக்கா இல்ல!"

"நாலு மாசம் இப்படித்தான் தம்பி. மத்த எட்டு மாசம் மூச்சுவிட நேரமிருக்காது."

"நீங்க கடைக்கு ஆள் பிடிக்கிறவங்களா, வந்த ஆளை விரட்டறவங்களா?"

"கண்ணாடி போடறவருக்கு மங்கலா காட்டலாமா? விடுமுறை மாசத்துக்கு அரை வாடகைன்னு ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க. அப்பதான் தாங்குவீங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

கண்ணாடிக்காரர் அப்படியே கேட்டார். மேலாளர் குதித்தார். ஆனால் பதினொரு மாதமாகப் பூட்டிக் கிடந்த கடை. வளாகத்தின் முதலாளி சரியென்றுவிட்டார்.

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்த அன்று காலை கையெழுத்து. சாவிக்காரம்மா புதுப் புடவை கட்டி, சாவியைத் துடைத்துக் கையில் வைத்திருந்தார். மேலாளர் உள்ளங்கையை நீட்டினார்.

"சாவிய நான் குடுத்துக்கறேன். நீங்க உள் ரூம்ல இருங்க. முடியற வரைக்கும் வெளிய வர வேணாம்."

"கடைய காட்டினது நான்தாங்க."

"அதனாலதான் சொல்றேன்."

சிறிது நேரத்தில் கண்ணாடிக்காரர் அறை வாசலில் வந்து நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. மாமியார் வந்திருக்காங்க... எதுக்கு வம்புன்னு..."

"போங்க தம்பி. நேரமாகுது."

உள் அறையில் பழைய கோப்புகளும் கால் ஒடிந்த நாற்காலியும் இருந்தன. ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. இடது பக்கம் இழுத்துக்கொண்டு கிரீச்சிட்டது. எண்ணெய் போட்டிருக்கலாமே என்று நினைத்தார். கைதட்டினார்கள். யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பதினொன்றரைக்கு மாணவர்கள் திமுதிமுவென்று வந்தார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே கதவைத் திறந்துகொண்டு, பின்படி வழியாக இறங்கிப் போனார்.

கடை இரண்டு விடுமுறைகளைத் தாண்டி நிற்கிறது. "எல்லாம் என் கைராசி" என்கிறார் மேலாளர். அரை வாடகை நிபந்தனையை யார் சொல்லிக் கொடுத்தது என்பதைக் கண்ணாடிக்காரர் இன்றுவரை வாய் திறந்து சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாராம்! மேலாளரின் மூடத்தனத்துக்கு முதுகெலும்பே, "எனக்கு நம்பிக்கையில்லை" என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கி நிற்கும் இந்த நல்லவர்கள்தான்.

நீங்களும் ஒருநாள் ஏதாவது ஒரு கடைக்கோ வீட்டுக்கோ சாவி வாங்கப் போவீர்கள். இடத்தைத் திறந்து காட்டியவர் கூட்டத்தில் இல்லையென்றால் கையை நீட்டாதீர்கள். உள் அறையைத் தேடிப் போய், கதவைத் தட்டி, அவரைக் கூப்பிடுங்கள்.