எம்.பி. வீடு நிறுத்தமும் ஒரு பெயர்ப் பட்டியலும்

கடலாடியிலிருந்து சாயல்குடி போகும் சாலையில், நான் நூலகராக இருக்கும் ஊர்ப்புற நூலகத்தை ஒட்டி ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. அரசுப் பதிவில் அதற்கு வேறு பெயர். நடத்துநர்கள் "எம்.பி. வீடு எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார்கள். சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கருவேல மரங்களுக்குப் பின்னால், ஓடு வேய்ந்த ஒரு வீடு தெரியும். அதுதான் எம்.பி. வீடு. நான் மாற்றலாகி வந்த அன்றே இந்தப் பெயரை நாட்குறிப்பில் எழுதினேன். எந்த எம்.பி., எந்த ஆண்டு என்று கேட்டு எழுதவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அது தெரிய வந்தது நாளிதழ்ச் செய்தி ஒன்றால். மக்கள்தொகைப்படி மக்களவைத் தொகுதிகளை மாற்றி அமைத்தால் தமிழ்நாட்டுக்கு இடங்கள் குறையலாம் என்ற பேச்சு வந்துகொண்டிருந்த நாட்கள். காலையில் நாளிதழ் படிக்க வரும் மிளகாய் விவசாயிகள் இருவர் அதை வைத்து வாதம் செய்தார்கள்.

"நாம ரெண்டோட நிறுத்துனோம். நிறுத்தாதவன் சீட்ட அள்ளிக்கிட்டுப் போவானாம். இது எந்த ஊரு நாயம்?"

"ஏலே, நீ எங்கன ரெண்டோட நிறுத்துன? ஒனக்கு அஞ்சுல்ல."

"நான் சர்க்காரு சொன்னதச் சொன்னேன்."

என்னிடம் கேட்டார்கள். ஒரு காலத்தில் நாற்பத்தொரு இடங்கள் இருந்ததையும், அறுபத்தேழு தேர்தலிலிருந்து அது முப்பத்தொன்பது ஆனதையும், அதன்பின் எண்ணிக்கை அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதையும் சொன்னேன். ஐந்து பிள்ளைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"அந்த ரெண்டு சீட்டும் இப்ப யாருகிட்ட இருக்கு?"

நம் தொகுதிக்கு இதுவரை யார் யார் உறுப்பினர்களாக இருந்தார்கள் என்ற அடுத்த கேள்விக்கு, அங்கிருந்தவர்களில் ஒருவராலும் தொடர்ச்சியாக மூன்று பெயர் சொல்ல முடியவில்லை. சின்னம் நினைவிருந்தது. புயலில் பாம்பன் பாலம் போன காலத்தில் இருந்தவர், ரயிலுக்கு அகலப்பாதை போட்ட காலத்தில் இருந்தவர், மதராசுக்கு ரயிலில் படுக்கை கிடைக்கக் கடிதம் கொடுத்தவர் என்று அடையாளம் சொன்னார்கள். பெயர் வரவில்லை. நூலகத்தின் சாலையோரச் சுவரில் பட்டியலை எழுதி வைக்கலாம் என்று வாசகர் வட்டத்தில் முடிவானது. தொகுப்பது என் பொறுப்பு.

"நம்ம ஊரு எம்.பி. பேரப் பெருசா போடச் சொல்லுங்க சார்" என்றார் ஐந்து பிள்ளைக்காரர்.

தேர்தல் ஆணையம் வெளியிட்டிருக்கும் தொகுதிவாரி முடிவுகளைத் தேர்தல் தேர்தலாக அச்செடுத்தேன். முதல் தேர்தலில் நாம் சென்னை மாநிலம். எல்லைகளும் ஒரே மாதிரி இருக்கவில்லை. கடலாடி என்ற பெயரில் இருந்த சட்டமன்றத் தொகுதி இப்போது இல்லை; அறந்தாங்கியும் திருச்சுழியும் இப்போது நம்மோடு இருக்கின்றன. தில்லிக்கு ஒருவரை அனுப்பியது எப்போதும் ஒரே கூட்டம் மக்கள் அல்ல என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

வென்றவர்களை வரிசைப்படுத்தி முடித்தபோது நம் ஊர் எம்.பி. அதில் இல்லை. பக்கங்களை மீண்டும் முதலிலிருந்து பார்த்தேன். ஒரு தேர்தலில், தோற்றவர்கள் வரிசையில், கீழிருந்து மூன்றாவதாக இருந்தார். சுயேச்சை. வைப்புத்தொகை போயிருந்தது. (அவர் பெயரையும் ஆண்டையும் இங்கே எழுதவில்லை. மற்றவர்கள் பெயரையும் எழுதவில்லை.)

சுவருக்கு வெள்ளையடித்த மறுநாள், ஒரு திங்கட்கிழமை, அந்த வீட்டு அம்மாள் நூலகத்துக்கு வந்தார். தோற்ற அந்தச் சுயேச்சையின் மகள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கணவர் இல்லை, தனியாக நின்று மிளகாயும் மல்லியும் போடுகிறவர். நூலகத்துக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. வந்தவர் உட்காரவில்லை.

"தம்பி, செவுத்துல எங்க அய்யா பேரு வருமா?"

"வராதுக்கா. செயிச்சவுக பேரு மட்டும்தான்."

"அது எனக்குத் தெரியாதா? நான் அப்ப ரெண்டாப்பு. குடை சின்னம். கம்மாய்க்குத் தண்ணி கொண்டாரணும்னு நின்னாக. பாம்பன்வரைக்கும் போயி ஓட்டுக் கேட்டாக. அங்கன ஓட்டு ஒருத்தரும் போடல, ஒரு கூடை கருவாடு குடுத்து விட்டாக. ஒரு மாசம் அதத்தான் தின்னோம்."

தந்தை உயிரோடு இருந்தவரை யார் கேட்டாலும் 'தோத்த எம்.பி.' என்று அவரே சொல்லிக்கொள்வாராம். ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது. "அவுக போன பெறகு தோத்தது போச்சு, எம்.பி. மட்டும் நின்னுருச்சு" என்றார்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். அவர் மகளைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை சாயல்குடியிலிருந்து வருகிறார்கள். மூன்று இடம் தட்டிப்போய், எல்லாம் பொருந்தி வந்த இடம் இது. தரகர் அவர்களிடம் 'முன்னாள் எம்.பி. பேத்தி' என்று சொல்லியிருக்கிறார். அப்போது இவர் மறுத்துச் சொல்லவில்லை. வருகிறவர்கள் இறங்கப்போவது எங்கள் சுவருக்கு முன்னால்.

"பேரச் சேருங்கன்னு கேக்கல தம்பி. வெள்ளிக்கிழமை கழியட்டும். அதுக்குப் பெறகு எழுதுங்க."

சுவரில் எழுதுகிறவர் செவ்வாய்க்கிழமை வந்தார். சுவரை விரலால் தடவி, "காஞ்சிருச்சு சார், ஆரம்பிக்கவா?" என்றார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வாருங்கள் என்று அனுப்பினேன். 'ஈரம் காயாததால் சுவர் எழுத்துப் பணி ஒத்திவைப்பு' என்று நாட்குறிப்பில் எழுதினேன். ஆண்டுக்கணக்காக எழுதும் நாட்குறிப்பில், தெரிந்தே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை, நான் பூட்டைத் திறக்கும் முன்பே அந்த அம்மாள் வாசலில் நின்றார்.

"இன்னைக்கே எழுதச் சொல்லுங்க தம்பி."

"நாளைக்கு வாராகளே அக்கா."

"நாளைக்கு மட்டுமா வாராக? கட்டிக் குடுத்தா தலைத்தீபாவளிக்கு வருவாக, பிள்ளைப் பேறுக்கு வருவாக. ஒவ்வொரு தடவையும் அந்தச் செவுத்துக்கு முன்னாலதான் எறங்குவாக. யாரு வாசிச்சுருவாகளோன்னு நான் ஆயுசுக்கும் பதறிக்கிட்டுக் கெடக்க முடியாது. வேணாம்னு போறவுக நாளைக்கே போகட்டும்."

எழுதுகிறவரை வரவழைத்தேன். மாலைக்குள் முடித்துவிட்டார். அடியில் ஒரு வரிக்கு இடம் மிஞ்சியது. "எம்.பி. வீட்டு அய்யா பேரு ஒண்ணுதான சார், யாரு பாக்கப்போறா, போட்டுவிடவா?" என்று தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார். அடுத்து வெல்பவருக்கு அந்த இடம் என்று சொன்னேன். அன்றிரவே செவ்வாய்க்கிழமைப் பதிவை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் உண்மைக் காரணத்தை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிப் பேருந்தில் ஐந்து பேர் இறங்கினார்கள். அழைக்க வந்த அம்மாள் நிறுத்தத்தில் நின்றார். நான் மேசையில் இருந்தேன், சன்னல் திறந்திருந்தது. மாப்பிள்ளையின் தந்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரை மேலிருந்து கீழே வாசித்தார். முடித்ததும் மறுபடி மேலே போனார்.

"என்ன தாயி, ஒங்க அய்யா பேரக் காணோமே?"

"வராதுண்ணே. எங்க அய்யா நின்னாக, தோத்தாக. டெபாசிட்டும் போச்சு. தரகர் சொன்னப்பவே நான் சொல்லிருக்கணும். சொல்லல."

பேருந்து கிளம்பிப் போனது. பழத்தட்டு வைத்திருந்த பெண் அதை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எத்தன ஓட்டு?" என்றார் மாப்பிள்ளையின் தந்தை.

"அதெல்லாம் சார்ட்ட இருக்கும்."

இருவரும் உள்ளே வந்தார்கள். அச்செடுத்த தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஆள்காட்டி விரலை ஒவ்வொரு பெயராகக் கீழே இறக்கி, நம்மவர் பெயரில் நிறுத்தினார். அதற்குக் கீழேயும் பார்த்தார்.

"கடைசி இல்லையே. இவருக்குக் கீழ ரெண்டு பேரு இருக்காக."

"ஆமாங்க" என்றேன்.

"கட்சி ஆளு யாரும் கூட இல்லாம, இம்புட்டுப் பெரிய தொகுதில தனியா நின்னுருக்காரு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அம்மாளைப் பார்த்து, "தரகர் சொன்னத நானும் பாதிதான் நம்புனேன். எம்.பி. வீடுன்னா இத்தன வருசத்துல ரோட்டுல இருந்து வீட்டுக்கு ஒரு தார் ரோடாவது போட்டுருப்பாகளே. வாங்க, நல்ல நேரம் போகுது" என்றார். வெயிலில் நின்ற மற்ற நால்வரும் அவர்களுக்குப் பின்னால் நடந்தார்கள்.

ஆறு வாரம் கழித்து அந்த அம்மாள் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளைக் கொண்டுவந்தார். அச்சகத்துக்காரர் பெண்ணின் தாத்தா பெயருக்கு முன்னால் 'முன்னாள் எம்.பி.' என்று தாமாகவே சேர்த்திருந்தார். அதை அம்மாள் பேனாவால் அடித்திருந்தார். மேலே அவர் கையெழுத்தில் 'பாராளுமன்றத் தேர்தலில் போட்டியிட்ட' என்று இருந்தது. அடைப்புக்குறிக்குள் ஆண்டு.

"மாப்பிள்ள வீட்டுலதான் போடச் சொன்னாக. வருசம் மட்டும் சரியான்னு பாருங்க தம்பி."

தேர்தல் முடிவுத் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் ஆண்டு பிசகியிருந்தது. திருத்திக் கொடுத்தேன்.