தாய்ப் பெட்டியின் இடம்

நிந்தவூரில் வந்து ஹாஜறாவின் வீடு எது என்று கேட்டால் ஏழெட்டு வீட்டைக் காட்டுவார்கள். தேன்பெட்டி ஹாஜறா என்றால்தான் சரியான வீட்டுக்கு வழி கிடைக்கும். பிரதான வீதியில் பஸ்ஸால் இறங்கி, கடல் பக்கம் போகாமல் வயல் பக்கம் திரும்பினால் நாலாவது வளவு. முன்னால் ஜாம் மரம் நிற்கும், அதன் நிழலில் தேன்பெட்டி இருக்கும். கொட்டுப்பட்டுக் கொட்டுப்பட்டு விரல் மரத்துவிட்டது, இனி ஒன்றும் நோகாது என்று ஹாஜறா ஐம்பத்து மூன்று வயதில் பெருமை பேசுவாள். கொட்டு வாங்கிய நாளில் அவள் போடும் கூக்குரலை நாலு வீடு தள்ளியும் கேட்டிருக்கிறார்கள்.

ஆள் நிந்தவூர்தான். மனசு மட்டும் பண்டாரவளையில் வாடகைக்கு இருந்தது. கலியாணம் முடித்த மறு வருஷம் மாப்பிள்ளை ஜவுபர் அங்கே ஒரு புடவைக்கடை வேலைக்குப் போக, அவளும் கூடப் போனாள். பன்னிரண்டு வருஷம் இருந்தாள். அந்தக் காலத்தைப் பற்றி அவளிடம் தப்பித்தவறி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் உங்கள் தேநீர் ஆறிப்போய்விடும். பக்கத்து வீட்டில் கல்முனைக்காரி சகாயம்மா இருந்தாள். கரையில் பிறந்த இரண்டு பேரும் குளிருக்கு ஒடுங்கிக்கொண்டு விவசாய வகுப்புக்குப் போய்த் தேனீ வளர்க்கப் படித்தார்கள். ஓகஸ்டில் டர்பன்டைன் என்கிற யூகலிப்டஸ் மரங்கள் பூக்கும்போது கீழே நின்றால் மழை இரைவதுபோல் ஈ இரையும். அவளுடைய முதல் பெட்டியைத் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஜவுபர்தான் அடித்தார். கடைக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ற்றை அதற்குப் பூசினார். தேன் எடுக்கும் நாளில் கடைக்கு லீவு போட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் அவளுடைய பழைய சீலையைச் சுற்றிக்கொண்டு, சாக்கைக் கொளுத்திப் புகை காட்டுவார். அந்தக் கோலத்தை நினைத்தால் ஹாஜறாவுக்கு இப்போதும் சிரிப்பு வரும். சிரித்து முடிக்குமுன் கண் கலங்கிவிடும்.

ஊருக்குத் திரும்பியபோது அந்தப் பெட்டியை வாசலுக்கு வலை அடித்து, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். ரேடியோவா என்று கொண்டக்டர் கேட்டதற்கு ஓம் என்றாள். மொனராகல தாண்டியதும் சூட்டில் ரேடியோ பலமாகப் பாடத் தொடங்கிவிட்டது. பின் ஆசனங்களில் இருந்தவர்கள் எல்லாரும் முன்னால் போய் நின்றுகொண்டார்கள். முதல் வருஷம் மலை நினைப்பில் ஓகஸ்ட் மாதம் தேன் எடுக்கத் திறந்தால் அடையெல்லாம் காய்ந்து கிடந்தது. மலையில் தேன் மாதம், கரையில் கச்சான் காற்று வீசிப் பூவெல்லாம் கருகும் மாதம். மாரி மழை விட்டதும் தொடங்கி, வேம்பு பூத்து முடியும் மட்டும்தான் இங்கே தேன். பிறகு சீனித் தண்ணீர் வைத்து ஈயைக் காப்பாற்ற வேண்டும். இதையெல்லாம் பட்டுப் பட்டுத்தான் படித்தாள். கூட்டம் பெருகியதும் புதுப் பெரிய பெட்டிக்கு மாற்றினாள். பச்சைப் பெட்டி வெறுமையாய்க் குசினியில் இருந்தது. ஜவுபர் கண்ணை மூடி மௌத்தாகி நாலு வருஷம் ஆகிறது.

இந்த வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்து மகள் ஸம்றாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை முர்ஷித் ஒலுவில் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை. இந்தக் கரையில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் குடியிருப்பார், பெற்றவர்கள் வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். குசினிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு ஹாஜறா வெள்ளை அடிக்கத் தொடங்கினாள்.

"இவ்வளவு பெரிய ஊட்ட வச்சுக்கிட்டு நீங்க ஏன் உம்மா பின்னால போற?" என்று ஸம்றா கேட்டாள்.

"புது மாப்புள்ளைக்கு முன்னால மாமி குறுக்கும் மறுக்கும் நடக்கிறது வடிவில்ல மகள். எங்கட உம்மாவும் எனக்கு இப்பிடித்தான் தந்துட்டுப் போன."

பெட்டியிலும் அதே நேரத்தில் கலியாண வேலை நடந்துகொண்டிருந்தது. பெட்டி கொள்ளாமல் ஈ நெருங்கிவிட்டால் அவை புது ராணி வளர்க்கும். அடையின் கீழ் விளிம்பில் ராணிக்கூடு விரல் நுனி அளவில் தொங்கும். அது வெடிக்குமுன் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு எழும்பிப் போய்விடும். கரையில் பூக்காலம் குறுகியது, கூட்டம் பிரிந்தால் அந்த வருஷத் தேன் போய்விடும். ஆகவே இங்கே பெட்டி வைத்திருப்பவர்கள் ராணிக்கூட்டைக் கண்டதும் கிள்ளி எறிவார்கள். மலையில் பூவுக்குப் பின் பூ வரும் என்பதால் ஒன்றை இரண்டாக்குவார்கள். தாய் ராணி இருந்த இடத்திலேயே இருக்கும், ராணிக்கூடு உள்ள அடைச் சட்டங்களைப் புதுப் பெட்டியில் இட்டுத் தள்ளி வைப்பார்கள்.

ஹாஜறா இரண்டையும் செய்யவில்லை. மகளுக்குக் கலியாணம் வைத்த வீட்டில் ராணிக்கூட்டைக் கிள்ள அவளுக்குக் கை வரவில்லை. மகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தாய் நடுவீட்டில் குந்தியிருக்கும் மலை முறைக்கும் மனம் ஒப்பவில்லை. ஜாம் மரத்தடியையும் பெரிய பெட்டியையும் மகள் ராணிக்கு விட்டுவிட்டு, தாயை மூன்று அடையோடு பச்சைப் பெட்டியில் போட்டு, தன் புது அறை வாசலுக்குக் கொண்டுபோனாள். தேனீக்கும் ஊர் வழக்கத்தைக் கட்டாயமாக்கிய ஒரே ஆள் இவளாகத்தான் இருக்கும்.

கலியாணம் நல்லபடியாக முடிந்தது. ஜாம் மரத்தடிப் பெட்டியில் மகள் ராணி முட்டையிட்டுக் கூட்டம் பெருகியது. பச்சைப் பெட்டி மட்டும் நாளுக்கு நாள் மெலிந்தது. பறந்து பழகிய ஈக்களுக்குப் பழைய இடம்தான் தெரியும், பூவுக்குப் போனவை எல்லாம் ஜாம் மரத்தடிக்கே திரும்பிவிட்டன. தாயோடு மிஞ்சியவை வெளியே பறந்தறியாத குஞ்சு ஈக்கள். அவற்றில் கொஞ்சம் பறக்கத் தொடங்கும்போது கச்சான் காற்றும் தொடங்கிவிட்டது. சீனித் தண்ணீர் வைத்தால் எறும்பு வந்தது. ஒரு நாள் மூடியைத் திறந்து பார்த்தால் மூன்று அடையில் ஒன்றைத்தான் ஈ மூடியிருந்தது. இந்தப் பெட்டி போனால் பண்டாரவளையும் போய்விடும், ஜவுபரும் இரண்டாம் தரம் போய்விடுவார் என்று நினைத்து மூடியைப் பட்டென்று போட்டாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு சகாயம்மாவுக்குப் போன் எடுத்தாள். அவள் இன்னும் பண்டாரவளையில்தான் இருக்கிறாள். தனக்குக் காது மந்தம் என்பதால் ஹாஜறா ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பாள், அவள் வீட்டு ரகசியம் அயலுக்கெல்லாம் தெரிவது அப்படித்தான்.

"தாயையா தூக்கித் தள்ளி வச்சாய்? வகுப்பில நித்திரையா கொண்டாய் நீ?" சகாயம்மா சீறினாள்.

"தானாப் பிரிஞ்சாலும் தாய்தானே சகாயம் எழும்பிப் போற?"

"ஓம். ஆனா அது பறக்கிற ஈயையும் கூட்டிக்கிட்டெல்லோ போகும்? நீ தனியக் கொண்டு வச்சிருக்காய். இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகல்ல. ரெண்டு பெட்டியையும் இடம் மாத்தி வை. வெளிய போன ஈயெல்லாம் பழைய இடத்துக்கு வந்து தாய்ட பெட்டிக்குள்ள ஏறும். மகள்ட பெட்டியில குஞ்சு நிறைய இருக்கு, அது சமாளிச்சிரும்."

ஹாஜறா சொன்னாள்: "குடுத்த இடத்தத் திருப்பி எடுக்கிறதா? எங்கட ஆக்கள்ட்ட அந்தப் பழக்கம் இல்ல."

"அப்ப சாகட்டும்" என்று சகாயம்மா போனை வைத்துவிட்டாள். அவளுக்கும் அழுகை வந்திருக்க வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து முதல் தேன் எடுத்த நாளில் அவளும் கூட நின்றவள்.

இரண்டு நாள் கழித்து ஹாஜறா கல்முனைக்குக் கண் கிளினிக் போனாள். வரிசையில் நின்று, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் பஸ்ஸால் இறங்கி வந்தாள். படலையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜாம் மரத்தடியில் பச்சைப் பெட்டி இருந்தது. கண்ணுக்கு விட்ட மருந்தின் வேலையோ என்று கிட்டப் போய்ப் பார்த்தாள். வாசலில் ஈ அப்பிக் கிடந்தது. காலில் மஞ்சள் மகரந்தத்தோடு வந்து விழுந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தாயிடம் போய்க்கொண்டிருந்தன. எத்தனையோ கிழமைக்குப் பிறகு அந்தப் பெட்டி இரைந்தது.

"ஆரு பெட்டியத் தொட்ட?" என்று சத்தம் போட்டாள்.

ஸம்றா வெளியே வந்தாள். தேனீயைக் கண்டால் மூன்று அறை தாண்டி ஓடும் பிள்ளை அவள். வலக்கண் வீங்கி மூடியிருந்தது, உதடு தடித்திருந்தது.

"நான்தான் உம்மா. அவரு புகை காட்டினாரு, நான் தூக்கின."

"அல்லாஹ்! உனக்கென்ன பைத்தியமா? அது குடுத்த இடம் மகள். குடுத்தாக் குடுத்ததுதான்."

"ஓம். எனக்குத்தானே குடுத்த?" தடித்த உதட்டோடு ஸம்றா நிதானமாகச் சொன்னாள். "இப்ப என்ட இடம். அதுல நான் ஆர வச்சிருந்தா உங்களுக்கென்ன?"

ஹாஜறா வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அதை மறைக்க வீட்டு வாசலில் ஏறி நின்று முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்தாள். பின் அறைப் பக்கமிருந்து எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. முர்ஷித் வேர்க்க விறுவிறுக்க வீட்டைச் சுற்றி வந்தான், வீங்கிய கையால் அவளுடைய கட்டிலைப் பிடித்திருந்தான்.

"மாமி, வாசல விட்டுக் கொஞ்சம் விலகுங்க" என்றான். "கட்டில் உள்ளுக்குப் போகணும்."