பட்டப்பகலில் அணையாத ஹெட்லைட்

மண்டையைப் பிளக்கும் வெயிலில் ஒரு புதுக் கார் ஹெட்லைட்டை எரியவிட்டுக்கொண்டு எங்கள் சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தது. இறங்கியவர் இளம்பிள்ளை என்ற ஊரில் சேலை வியாபாரம் செய்பவர். வண்டி எடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை.

"எதுக்க வாரவனெல்லாம் லைட்டு எரியுதுன்னு கையக் காட்டறானுங்கம்மா. அணையவே மாட்டேங்குதுங்க," என்றார்.

நான் அங்கே எலக்ட்ரீஷியன். பொம்பளைக்கு ஒயரிங் என்ன தெரியும் என்று கேட்டவர்களின் வாயை வேலையாலேயே அடைத்து இருபது வருஷம் ஓட்டியவள். மேனேஜருக்கு என்னைவிட ஸ்கேனர் மேல்தான் நம்பிக்கை. ஸ்கேனரில் கோளாறு எதுவும் வரவில்லை. ரிலேயும் சுவிட்சும் சரியாகவே இருந்தன.

"அப்ப லைட்ட கன்ட்ரோல் பண்ற மாட்யூல்தான் போயிருக்கு. மாத்திரலாம். ஜாப் கார்டுல கையெழுத்துப் போடுங்கக்கா," என்றார் மேனேஜர்.

"கண்ணுல பார்க்காம போட மாட்டேனுங்க சார்."

"போடலீன்னா நாளையிலிருந்து வாட்டர் வாஷுக்குப் போயிருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்யூலை மாற்ற டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும். புது வண்டியை அப்படிப் பிரித்தால் பிறகு கடகட சத்தம் ஓயாது. அதற்குப் பொறுப்பு என் கையெழுத்து. பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு வண்டிக்குப் போனேன்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஆஃப் என்ற இடமே சுவிட்சில் இல்லாத மாடல் அது. இருட்டினால் லைட் தானாக எரியும், வெளிச்சம் வந்தால் தானாக அணையும். வெளிச்சத்தை அறிய டேஷ்போர்டு மேலே, கண்ணாடி ஓரமாக, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சென்சார் இருக்கும். தேடினேன். அந்த இடத்தில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார், சந்தனம் குங்குமத்தோடு, டபுள் டேப்பில் அழுத்தமாக. அடியில் இருந்த சென்சாருக்கு எந்நேரமும் ராத்திரிதான்.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தி, "சாமியக் கழட்டச் சொன்னா சண்டைக்கு வந்துருவாருக்கா. பேசாம மாட்யூல மாத்துங்க," என்றார்.

நான் நேரே இளம்பிள்ளைக்காரரிடம் போனேன். "ஏனுங்க, வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. பிள்ளையாரு சென்சார் மேல உக்காந்திருக்காருங்க."

அவர் முகம் சுருங்கியது. "பூசை போட்டு வெச்சதாச்சுங்களே. எடுக்கலாமுங்களா?"

"எடுக்க வேண்டாமுங்க. உங்க கையாலயே நாலு விரக்கடை தள்ளி வையுங்க."

கன்னத்தில் போட்டுக்கொண்டு மெல்லப் பெயர்த்தார், பக்கத்தில் தள்ளி ஒட்டினார். சென்சாரில் அப்பியிருந்த சந்தனத்தை நான் துணியால் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் லைட் அணைந்தது. "அட சாமி!" என்று சிரித்துவிட்டார் மனுஷன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "கார்டுல சாஃப்ட்வேர் ரீசெட்னு எழுதிருங்க," என்றார். நான் எழுதியது இது: "சென்சாரை மறைத்திருந்த பிள்ளையார் சிலை உரிமையாளர் கையால் நகர்த்தப்பட்டது. வண்டியில் கோளாறு இல்லை." கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சொன்னபடியே மறுநாள் என்னை வாட்டர் வாஷுக்கு அனுப்பினார். போனேன். மூன்றாம் வாரம் ஒயரிங்குக்கு ஆள் கிடைக்காமல் அவரே வந்து கூப்பிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எதையும் பிரிக்கும் முன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வாட்டர் வாஷில் இரண்டு வாரம் நின்றால் கால்தான் ஊறும், வேறொன்றும் ஆகாது.