நெஞ்சிலிருந்து புறப்பட்ட வார்த்தை

தேவாலயத்தில் அவளைக் கைப்பேச்சுக்காரி என்பார்கள். காது கேளாத அண்ணனோடு வளர்ந்தவள். வாய் திருந்துவதற்கு முன்பே கை திருந்திவிட்டது. வார நாட்களில் அருங்காட்சியகத்தில் காது கேளாதவர்களுக்குச் சைகையில் மொழிபெயர்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையின் ஓரத்தில் அதே வேலை. முன்வரிசையில் பன்னிரண்டு பேர் அவள் கைகளையே பார்த்திருப்பார்கள். அண்ணன் மட்டும் கடைசியில், தூண் மறைவில். அவர் தச்சர்.

அவருக்கு ஒரு மனத்தாங்கல். எல்லாவற்றுக்கும் முன்னால் வார்த்தை இருந்தது, அந்த வார்த்தையே கடவுள் என்று போதகர் சொல்லும்போது தங்கை உதட்டில் விரல் வைத்து முன்னே நீட்டுவாள். வார்த்தைக்கு அவர்கள் வைத்திருந்த சைகை அது. உடனே அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அது வாய் இருக்கிறவங்க சாமி" என்று ஒருமுறை கையாலேயே சொல்லிவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றது.

ஒரு புதன்கிழமை அருங்காட்சியகத்தின் எகிப்து அறைக்கு வந்த குழுவில் அவரும் இருந்தார். பழைய சவப்பெட்டியின் பலகைகளை மரமுளை அடித்து எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்ததால் காவலர் இரண்டு முறை வந்து நகர்த்திவிட்டார். வழிகாட்டி ஒரு சிலையின் முன் நின்றார். இவர் ப்தா, கைவினைஞர்களின் தெய்வம். உலகத்தை முதலில் இதயத்தில் நினைத்தார், பிறகு நாவால் சொன்னார், சொன்னதெல்லாம் உண்டானது என்றார். அந்த ஜனங்களுக்கு அறிவு குடியிருந்த இடம் இதயமாம். அதனால் உடலைப் பதப்படுத்தும்போது மூளையை எறிந்துவிட்டு இதயத்தை உள்ளேயே விட்டார்களாம். செத்தவனின் இதயத்தைத் தராசில் நிறுக்கும்போது, அரிவாள்மூக்கன் பறவையின் தலையோடு தோத் என்ற தெய்வம் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுமாம்.

ப்தா நினைத்துச் சொன்ன வார்த்தையைக் காட்டும்போது அவள் கை நெஞ்சில் படிந்து, மூடி, வெளியே வந்து விரிந்தது. அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னொரு தடவ காட்டு. நம்ம வேதத்துல வர்ற வார்த்தையா இது?"

"இல்லண்ணே, இது வேற சாமி."

"வேலை ஒண்ணாத்தானே இருக்கு. நாற்காலி செய்யும்போதும் நெஞ்சுல வந்தப்புறம்தான் கைக்கு வருது."

அடுத்த ஞாயிறு அந்தப் பகுதி வந்தபோது அவள் விரல் உதட்டுக்குப் போகவில்லை. நெஞ்சிலிருந்து புறப்பட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தூணைத் தாண்டித் தலையை நீட்டினார்.

போதகருக்குக் கொஞ்சம் சைகை தெரியும். ஆராதனை முடிந்ததும் கூப்பிட்டு விசாரித்தார். அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"எகிப்து சாமிய நம்ம மேடைக்குக் கொண்டு வந்துட்டியாம்மா?"

"சாமியக் கொண்டு வரலைங்கய்யா. கடவுள் இதயத்தைப் பார்க்கிறவர்னு நீங்கதான் சொல்றீங்க. அந்த ஜனங்களும் அறிவை அதே இடத்துலதான் தேடியிருக்காங்க. எனக்குக் கையால சொல்ல ஒரு வழி கிடைச்சுது, அவ்வளவுதான்."

போதகர் பிடிவாதக்காரர், ஆனால் நியாயஸ்தர். கண்ணால் பார்க்காமல் தீர்ப்பு சொல்லமாட்டேன் என்று மறுவாரமே அருங்காட்சியகத்துக்கு வந்தார். அண்ணனும் தங்கையும் கூட நிற்க, அந்தச் சிலையை வெகுநேரம் பார்த்தார்.

"ஒத்துமை இருக்கு, இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றார் கடைசியில். "ஆனா நம்ம வார்த்தை மனுஷனாவே பிறந்து நம்ம நடுவுல வந்துச்சு. அந்த வித்தியாசத்தையும் காட்டணும்."

அவள் அதைக் கையில் சொன்னாள். அண்ணன் யோசித்தார். பிறகு தங்கையின் கையை அவள் நெஞ்சிலிருந்து எடுத்து, மெதுவாகக் கொண்டுபோய்ப் போதகரின் தோளில் வைத்தார். போதகர் தன் தோளில் இருந்த கையைத் தட்டிக்கொடுத்தார். "இதையே வச்சுக்கோங்க" என்றார்.

இன்று வேறு தேவாலயங்களிலிருந்தும் அந்தச் சைகையைக் கற்க வருகிறார்கள். அது அண்ணன் செய்தது என்றுதான் அவள் சொல்வாள். அண்ணனோ வாராவாரம் போதகரிடம் புதுக்கேள்வியோடு போய் நிற்கிறார். "ரெண்டு பேரும் வாதாடறாங்க, நடுவுல ஓயறது என் கைதான்" என்று அவள் அலுத்துக்கொள்வாள். ஆனாலும் அவர்கள் பேச உட்கார்ந்தால் முதல் ஆளாய்ப் போய் நடுவில் உட்காருவதும் அவள்தான்.